தண்ணி கேக்கிற குரல்

நவம்பர் 11

எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதித்தான் காட்ட வேண்டியிருக்குமாம். இப்போதே கை பழகட்டும் என்றாள் ரிஸ்வானா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். குடியிருப்பது எங்கள் நாசரேத்தில்தான், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

என்ன எழுத என்று கேட்டேன். "என்ன வேணாலும் எழுதுங்க அங்கிள். காலைல என்ன சாப்பிட்டீங்க, யாரு வந்தா, அந்த மாதிரி."

காலையில் இட்லி. யாரும் வரவில்லை.

வேறென்ன? பெயர் ஞானசிகாமணி. வயது ஐம்பத்தாறு. பகலில் பெயிண்ட் கடையில் வேலை. சீசன் வந்தால் சாயங்காலம் கபடி வர்ணனை. ஆறுமுகநேரியிலிருந்து திசையன்விளை வரை எந்த ஊரில் டோர்னமெண்ட் நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். தொண்டையில் புற்று. ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிசம்பர் 9 தேதி கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை இருக்குமாம், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது.

மகன் மஸ்கட்டில் இருக்கிறான். லீவு கிடைத்தால் வருவான். வீட்டில் நானும் வீட்டுக்காரியும்.

நவம்பர் 12

கை வலிக்கிறது. பேசுவது எவ்வளவு சுலபம்.

நவம்பர் 14

ரிஸ்வானா வேலை முடிந்து வருகிற வழியில் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன மைக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் சிலர் இதைச் செய்கிறார்களாம். என் குரலை இப்போதே பதிவு செய்து கொடுத்தால், பிற்பாடு நான் போனில் டைப் பண்ணுவதை அந்தக் குரலிலேயே போன் பேசுமாம்.

"நான் சொல்லாததக் கூடவா?"

"நீங்க சொல்லாததக் கூட."

நம்பவில்லை. ஆனாலும் அவள் நீட்டிய தாளிலிருந்து வாக்கியங்களைப் படித்தேன். 'இன்று வானம் மேகமூட்டமாக உள்ளது.' 'என் தம்பி நாளை ஊருக்கு வருகிறான்.' எனக்குத் தம்பியே கிடையாது. போட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பது போல் இருந்தது.

"கொஞ்சம் சாதாரணமா பேசுங்க அங்கிள்."

எழுந்து நின்றேன். "அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே! இதோ இடது ஓரமாகப் பாடிச் செல்கிறார், புலியைப் போல் பதுங்குகிறார்!" தொண்டை கரகரத்தாலும் உடம்பு புல்லரித்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ரிஸ்வானா சிரித்தாள். "இது மைக் குரல். இதுல பழைய ரெக்கார்டிங் நெறைய கெடைச்சிருச்சு. எனக்கு வேண்டியது இது இல்ல. நீங்க வீட்ல தண்ணி கேக்கிற குரல்."

தண்ணி கேட்கிற குரல். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரியும். ஊரெல்லாம் கேட்ட குரல் எனக்குத் தெரியும். நாலு சுவருக்குள் கேட்ட குரல் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

நவம்பர் 17

இன்றைக்குத் தாள் இல்லை. சும்மா கேள்வி கேட்பாளாம், சும்மா பதில் சொல்ல வேண்டுமாம். யோசிக்கக் கூடாது.

"உங்களுக்குப் பிடிச்ச கறி என்ன?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எந்த ஊர் டீமில் எந்தப் பையன் எந்தக் காலால் உதைத்துத் தொடுவான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அவியலு. முருங்கக்கா போட்டா மட்டும் ஒதுக்கி வச்சிருவாவ."

"காலைல எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஜெபம் பண்ணுவேன்," என்றேன்.

"மொதல்ல கண்ணத் தொறக்காமலே ஜன்னல் கம்பியத் தொட்டுப் பாப்பாவ," என்றது அடுக்களை. "மழையா இல்லையான்னு. அதுக்கப்புறம்தான் ஜெபமெல்லாம்."

"அப்படியா அங்கிள்?"

"இல்லியே," என்றேன்.

"சட்டையில எந்தப் பட்டன மொதல்ல போடுவீங்க?"

எல்லோரும் போடுகிற மாதிரி மேலே இருந்துதான் என்றேன். அடுக்களையில் பாத்திரம் உருண்டது. சிரிப்பாக இருக்கலாம். "கீழருந்து," என்றாள். "கடைசிப் பட்டன் மிஞ்சிருமோன்னு பயம்."

"எப்சிபா ஆன்ட்டி, பதில அங்கிள்தான் சொல்லணும்," என்றாள் ரிஸ்வானா.

"சொல்லட்டுமே. யாரு வாயப் பொத்துனா?"

நவம்பர் 18

விழிப்பு வந்தது. கண்ணைத் திறப்பதற்கு முன்பு கை தானாகப் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டது. ஈரம்.

ஐம்பத்தாறு வருஷமாக இந்தக் கை என்னோடுதான் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சட்டையும் கீழிருந்துதான்.

நவம்பர் 21

பேசப் பேசக் கேள்விகள் பிடித்துப்போகின்றன. பிடித்த நிறம் எது என்று கேட்டாள். பெயிண்ட் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா? ஒருவர் பாதி கத்திரிக்காயைக் கொண்டுவந்து "கேட்டுக்கு இந்தக் கலர் வேணும்" என்று கேட்டதையும், நான் கலந்து முடிப்பதற்குள் கத்திரிக்காய் வாடிக் கறுத்துப்போனதையும், கடைசியில் அவர் கறுப்பே போதும் என்று வாங்கிப்போனதையும் சொன்னேன். ரிஸ்வானா சிரித்தாள். "இதுதான் அங்கிள். இதே குரல்தான்."

"பயப்படுற விஷயம் ஏதாவது?"

"பல்லி."

"வேற?"

"வேற ஒண்ணும் கெடையாது."

அடுக்களையில் தாளிக்கிற சத்தம் சட்டென்று நின்றது. பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழம்பு வாசம் மட்டும் வந்தது.

நவம்பர் 25

டோர்னமெண்ட் கமிட்டி செயலாளர் தவசிக்கனி வந்தான். பைனல் டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில்.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம ஒரு பைனலா? கடைசியா ஒரு மேட்ச் பேசிட்டுப் போயிருங்களேன்."

"ஒம்பதாந்தேதி ஆபரேஷன்டே."

"அதத் தள்ளி வைக்க முடியாதா? ரெண்டு வாரம்தான."

பாப்போம் என்றேன். அவன் அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டான். நோட்டீசில் பெயர் போட்டுவிடுவான் போலிருக்கிறது.

வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். தவசிக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 28

ஆபரேஷன் தேதி ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது. ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். காலையில் கடையிலிருந்து போன் பண்ணிப் பேசினேன், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

அவளிடம் சொன்னேன். "எதுக்கு?" என்றாள்.

"பெட் இல்லையாம்."

தலையை ஆட்டினாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், அதையே தொடர்ந்தாள்.

புது டிஸ்டெம்பர் லோடு வந்திறங்கியது. நல்ல வேலை.

நவம்பர் 30

ஞாயிறு. கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன்.

மத்தியானம் வாய் கொப்பளித்தபோது எச்சிலில் கொஞ்சம் சிவப்பு. பீட்ரூட்டாக இருக்கும். வாஷ்பேசினை நன்றாகக் கழுவி விட்டேன்.

டிசம்பர் 3

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ரிஸ்வானா வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வீட்ல யாரும் இல்லாதப்ப யாருக்கும் தெரியாம என்ன செய்வீங்க?" தூங்குவேன் என்றேன். அப்போது வீட்டுக்காரி சுண்டலோடு வந்தாள். ரிஸ்வானா விளையாட்டாக அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"நான் என்ன செய்யப் போறேன். சமைப்பேன், தொவைப்பேன்."

"யாருக்கும் தெரியாம செய்யறது."

அவள் முகம் சிவந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனையோ வருஷத்தில் அவள் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. "சும்மா இரு பிள்ள," என்று திரும்பப் போனவள் நின்றாள். "சிரிக்கக் கூடாது என்ன?"

கையில் இருந்த கரண்டியை வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். மைக்கைப் பிடிப்பது போல. சரியாக நான் பிடிக்கிற மாதிரி, சுண்டு விரலை விட்டு.

"அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே! நாசரேத் அடுக்களை மைதானத்திலே இதோ ஆட்டம் ஆரம்பம்! தட்டு அணியிலே ஏழு சாளை மீன்கள், உப்புப் பூசி, மஞ்சப் பூசி, கைகோத்து நிக்காவ! எதிரணியிலே ஒரே ஒரு வீரர், பக்கத்து வீட்டுப் பூனையார்! மதில் மேலருந்து இறங்குதாரு, பாடாம வாறாரு, நடுவர் கவனிக்கணும், பாடாம வாறாரு! இடது காட்டுதாரு, வலது போறாரு, தொட்டாச்சு! சாளை அணிக் கேப்டன் தல போயிருச்சு! அடுக்களைக்காரி பின்னாலருந்து பாயுதாவ, பிடிச்சிருவாவளா, பிடிச்சிருவாவளா... ஐயோ, வழுக்கிட்டாவ! பூனையாருக்கு ரெண்டு புள்ளி!"

என் குரல் இல்லை, ஆனால் என்னுடையதுதான். நான் எங்கே மூச்சு வாங்குவேன், எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திக் கூட்டத்தைத் துடிக்க விடுவேன், எல்லாம் இருந்தது. நான் சிரித்தேன். நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தேன். கண்ணீர் வந்து, இருமல் வந்து, அதற்கு நடுவிலும் சிரித்தேன். ரிஸ்வானா மைக்கை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டாள்.

"நீ மைதானத்துப் பக்கமே வந்ததில்லியேட்டி," என்றேன்.

"காத்து இந்தப் பக்கம் அடிச்சா ஸ்பீக்கர் சத்தம் எல்லாம் கேக்கும்லா." கரண்டியை இறக்கினாள். "நீங்க வர லேட்டாவும். நானும் பூனையும்தான். வேற எதப் பேச?"

சுண்டலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அறையில் பெரிதாக ஏதோ வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் வர்ணனைக்கு ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 5

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தாள்.

"ஆஸ்பத்திரிலருந்து பேசுனாவ."

"ம்."

"பெட் இருக்காம். எப்பவும் இருந்துதாம். தள்ளி வைக்கக் கேட்டது நீங்கதானாம். டாக்டர் முடியவே முடியாதுங்காராம். ஒம்பதாந்தேதி இன்னும் நம்ம பேர்லதான் இருக்காம், வாறியளா இல்லையான்னு கேக்காவ."

செயினைச் சுற்றினேன். அது நன்றாகத்தான் ஓடியது.

"செவப்பா துப்புறிய," என்றாள்.

"பீட்ரூட்டு."

"நான் பீட்ரூட் வாங்கி மாசமாவுது."

எண்ணெய்க் கையோடு நின்றேன். பைனல் மட்டும் முடியட்டும் என்று சொன்னேன். இருபத்தெட்டாந்தேதி பேசிவிட்டு மறுநாளே போய்ப் படுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். மைக் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் யார், பெயிண்ட் கடையில் டப்பா தூக்கிக் கொடுக்கிற ஒருத்தன்தானே என்றும் சொன்னேன் போலிருக்கிறது. சத்தம் போட்டுச் சொன்னேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. "அந்தப் பிள்ள கேக்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுதியல்லா," என்றாள். "நான் ஒண்ணு கேக்கேன். சும்மாதான். யோசிக்காம சொல்லணும்."

"கேளு."

"அறுபது வயசுல நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருப்பிய?"

யோசிக்காமல் சொல்லத்தான் பார்த்தேன். "தெரியலியே," என்றேன்.

"அதத் தெரிஞ்சுக்கிடவாவது இருக்கணும்லா."

கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக.

"ஊருக்கு உங்க சத்தம் வேணும். எனக்குச் சத்தம் வேண்டாம். ஆளு வேணும்."

போனை வாங்கி நானே ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். ஒன்பதாம் தேதி வருகிறோம் என்றேன். பிறகு தவசிக்கனிக்கும் பேசினேன். அவன் நோட்டீஸ் அடித்து முடித்துவிட்டதாகச் சொன்னான். அதற்கு நான் என்ன செய்ய?

டிசம்பர் 8

வார்டு. ஜன்னல் வழியே ஒரு வேப்ப மரம். ரிஸ்வானா வந்து கடைசியாகக் கொஞ்சம் பதிவு செய்தாள். தினமும் செய்கிற வேலையில் அலுக்காதது எது என்று கேட்டாள். பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறது என்றேன். மூடியை நெம்பியதும் உள்ளே ஒரு நிறம் அசையாமல் நிற்கும், இதுவரை யாரும் தொடாத நிறம், அதில் குச்சியை விடுவதற்கு முன்னால் ஒரு நொடி பார்ப்பேன் என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இது எனக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டிசம்பர் 9

இப்போது கூட்டிப்போவார்கள். மகன் போனில் "ஏதாவது பேசுங்கப்பா" என்கிறான். மஸ்கட்டில் மழையா என்று கேட்டேன்.

டிசம்பர் 13

உயிரோடு.

டிசம்பர் 15

எழுத்து கோணல்.

குரலோடு நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன என்று நினைத்துப் பார்த்தேன். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கூட வந்த ஆளிடம், "செருப்ப எங்க விடணும்?" என்று கேட்டேன். அதுதான். அவர் "இங்கயே விடுங்க" என்றார். முடிந்தது.

கழுத்தில் ஒரு வாசல். மூக்கில் காற்று போவதில்லை, வாயிலும் போவதில்லை. ஆனாலும் மூச்சு இருக்கிறது. இன்று நர்ஸ் என் கையைப் பிடித்து அதற்கு நேரே வைத்தார். உள்ளங்கையில் சூடாக வந்து பட்டது. விட்டேன், வாங்கினேன், மறுபடி பட்டது. பிறந்த நாளிலிருந்து எனக்குள் போய் வந்துகொண்டிருந்த ஒன்று. அதை இன்றைக்குத்தான் வெளியிலிருந்து தொட்டேன்.

அவளையும் கை வைத்துப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினேன். பயந்து பயந்து பக்கத்தில் கொண்டுவந்தாள். "காத்து வருது," என்றாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, குரலே எழாமல். "நல்லா வருது."

டிசம்பர் 22

வீட்டுக்கு வந்தாயிற்று. குழாய் வழியாகக் கஞ்சி. சளியை எடுக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள், என்னை விடச் சுத்தமாகச் செய்கிறாள். வாசனை எதுவும் தெரிவதில்லை. அடுக்களையில் என்ன கொதிக்கிறது என்று சிலேட்டில் எழுதிக் கேட்கிறேன்.

அவள் பேசுகிறாள்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று இன்றைக்கு உட்கார்ந்தேன். காலையில் ஆரம்பிக்கிறாள். மீன்காரி சொன்னது, மீன்காரி சொல்லாமல் மறைத்தது, எதிர் வீட்டு மாப்பிள்ளை நடக்கிற நடை, போதகர் பிரசங்கத்தில் இரண்டாவது தடவையும் அதே கதையைச் சொன்னது. ஒவ்வொருவர் குரலும் அவளிடம் இருக்கிறது. எதிர் வீட்டு மாப்பிள்ளையை அவள் பேசிக் காட்டியபோது அவரே வந்துவிட்டார் என்று நினைத்து வேட்டியைச் சரிசெய்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது; சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது. அதைப் பார்த்து இன்னும் கூட்டினாள்.

முன்பும் இவள் இப்படிப் பேசுவாளா என்று யோசிக்கிறேன். பேசியிருப்பாள். அப்போதெல்லாம் நானும் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

டிசம்பர் 28

மைதானத்துக்குப் போக வேண்டும் என்று சிலேட்டில் எழுதினேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "நானும் வாறேன்," என்றாள். கழுத்து வாசல் மீது தூசி படாமல் மெல்லிய துணி கட்டிவிட்டாள்.

தவசிக்கனி ஓடிவந்து முன் வரிசையில் நாற்காலி போட்டான். என் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளிடமே பேசினான். கயத்தாறிலிருந்து யாரோ வர்ணனைக்கு வந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். கொஞ்ச நேரம் அவர் தப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

ஏனென்றால் ஆட்டம் என் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

எத்தனை ஆட்டம் பேசியிருப்பேன். பார்த்தது இதுதான் முதல் ஆட்டம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோட்டைத் தாண்டும்போது ரைடரின் கால் பெருவிரல் மண்ணைத் தடவிப் பார்ப்பதை நான் கண்டதில்லை. பிடிக்கப் போகிறவன் பிடிப்பதற்கு முன் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பதைக் கண்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பாட்டு. கபடி கபடி கபடி என்று ஒரே மூச்சில், தனக்கு மட்டும் சொல்லிக்கொள்வது போல. ஸ்பீக்கர் சத்தத்துக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் இருந்திருக்கும். மேலே இருந்த சத்தம் நான்.

ஒருவன் ஏழு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் பாடியபடியே, நான்கு பேரை இழுத்துக்கொண்டு நடுக் கோட்டை நோக்கி ஊர்ந்தான். விரல் நுனி கோட்டைத் தொட்டபோது மைதானமே எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதானா?" என்று கத்தினாள். "இதுதான் அங்க நடக்குமா? எனக்குத் தெரியாமப் போச்சே!"

தலையை ஆட்டினேன். எனக்கும் தெரியாது என்பதை எழுதச் சிலேட்டு கொண்டுவரவில்லை.

ஜனவரி 5

கடைக்குப் போனேன். அரை நாள். ஒரு அம்மா வந்து ரோஸ் கேட்டார். எத்தனையோ ரோஸ் இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். இருக்கிற எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்.

ஜனவரி 12

சென்னையிலிருந்து குரல் வந்துவிட்டது.

சாயங்காலம் ரிஸ்வானா வந்தாள். என் போனை வாங்கி எதையோ ஏற்றினாள். அவளுக்கே பதற்றம். "அப்படியே உங்களை மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது அங்கிள். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்." வீட்டுக்காரி பின்பக்கம் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வரச் சொல்லட்டுமா என்று ரிஸ்வானா கேட்டாள். முதலில் பார்ப்போம் என்று கை காட்டினேன். சரியாக இல்லாவிட்டால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டாமே.

'வணக்கம்' என்று அடித்தேன். அழுத்தினேன்.

வணக்கம் என்றது.

மைக் குரல் இல்லை. கரகரப்பும் இல்லை, அதை எப்படியோ துடைத்துவிட்டிருந்தார்கள். கொஞ்சம் சோம்பலாக, கடைசி எழுத்தை விழுங்கி, அவசரமே இல்லாத ஒரு ஆள். ஓ, நான் இப்படித்தான் இருந்தேனா? இந்த ஆள் நல்லவராகத் தெரிகிறாரே என்று தோன்றியது. ரிஸ்வானா கண்ணைத் துடைத்தபடி, "வேற ஏதாவது அடிங்க," என்றாள்.

வேறு என்ன? ஊர் ஊராகப் பேசித் தீர்த்தவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். எப்சிபா.

அடித்து முடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாள் பதிவில் இந்த வார்த்தையை நான் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. பதிவில் மட்டும் இல்லை. ஏட்டி என்பேன், இந்தா என்பேன், இங்க பாரு என்பேன். கல்யாணத்தன்று போதகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னபோது ஒரு தடவை சொல்லியிருப்பேன். அவ்வளவுதான். இந்தக் குரலுக்கு அவள் பெயர் தெரியாது. எங்கெங்கோ நான் பேசிய கத்திரிக்காயிலிருந்தும் பல்லியிலிருந்தும் சத்தத்தைப் பொறுக்கித்தான் அது சொல்லியாக வேண்டும்.

அழுத்தினேன்.

"எப்சிபா."

தெளிவாக, சத்தமாக, என் குரலில். நான் ஒரு நாளும் கூப்பிடாத மாதிரி. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெயர் புறப்பட்டு அறையைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டிப் போவது எனக்குக் கேட்டது.

பின்பக்கம் குழாய் நின்றது.

அவள் வந்தாள். கையிலிருந்து அரிசித் தண்ணீர் சொட்டியது. முதலில் தெரு வாசலைப் பார்த்தாள். "யாரு கூப்பிட்டா?"

ரிஸ்வானா என்னைக் காட்டினாள். அவள் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது. மறுபடியும் அழுத்தினேன்.

"எப்சிபா."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் என்னென்னவோ வந்து போயின; எதற்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. பிறகு, அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் போல, மிக மெதுவாக, "என்ன?" என்றாள்.

எதற்காகக் கூப்பிட்டேன் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மெதுவா யோசிச்சு அடிங்க," என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.